நாற்காலிக்கு ஆள் தேவை

விஞ்ஞானப் பத்திரிகைகள் 'தலைமை ஆசிரியர் தேவை' என்று கொடுக்கும் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்களும் நானும் அந்த வேலைக்கு மனு போடப் போவதில்லை என்பதால் அவை நம் கண்ணில் படுவதில்லை. (தலைமை ஆசிரியர் என்றதும் கையில் பிரம்புடன் ஸ்கூல் ஹெட்மாஸ்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பத்திரிகை ஆசிரியர். பிரம்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாது.)

அந்த விளம்பரங்கள் ஒருவகையில் கல்யாண விளம்பரங்கள் மாதிரி. துறையில் உலகறிந்த பெயர் வேண்டும். தலைமைப் பண்பு வேண்டும். தொலைநோக்கு வேண்டும். பத்துப் பேரை அனுசரித்துப் போகிற குணம் வேண்டும். எல்லா நல்ல குணங்களையும் ஒரே ஆளிடம் கேட்பார்கள். சம்பளம் பற்றி மட்டும் கம்மென்று இருப்பார்கள். காரணம், பல பத்திரிகைகளில் இது கிட்டத்தட்ட கௌரவப் பதவி. பகலில் யூனிவர்சிட்டியில் பாடம், ராத்திரி உட்கார்ந்து பத்திரிகை வேலை.

இந்த நீளமான பட்டியலில் ஒரே ஒரு தகுதி மட்டும் விட்டுப்போகிறது. அதுதான் முதல் தகுதி என்பது என் கட்சி. அது என்ன என்று சொல்வதற்கு முன்னால், அந்த நாற்காலியில் உட்காருகிறவர் என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிடலாம்.

ஒரு விஞ்ஞானி வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எதையோ கண்டுபிடிக்கிறார். கட்டுரையாக எழுதி அனுப்புகிறார். ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதே துறையில் கரைகண்ட இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். இவர்களுக்கு ரெஃப்ரி என்று பெயர். பெரும்பாலும் பைசா கிடையாது. யார் படித்தார்கள் என்று எழுதியவருக்கும் சொல்வதில்லை. 'போடலாம்', 'திருத்தினால் போடலாம்', 'குப்பை' என்று இவர்கள் எழுதுவார்கள். ஆனால் இவர்கள் சொல்வது யோசனைதான். தீர்ப்பு ஆசிரியருடையது.

'பிரசுரித்தால் என்ன, பிரசுரிக்காவிட்டால் என்ன, கதை கவிதையா திரும்பி வந்தால் வருத்தப்பட?' என்று கேட்பீர்கள். அப்படி இல்லை சார். ஒரு கட்டுரை வெளியாவதில் ஓர் இளைஞரின் வேலை இருக்கிறது. அடுத்த ஐந்து வருட ஆராய்ச்சிக்கான பணம் இருக்கிறது. மருத்துவப் பத்திரிகை என்றால் உங்கள் டாக்டர் நாளைக்கு எழுதித் தரப்போகும் மாத்திரை இருக்கிறது. இத்தனையும் ஒருத்தர் சொல்லும் 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தைகளில் தொங்குகின்றன. அப்படிப்பட்ட ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுதான் கேள்வி.

முதலில் ஜான் டேட் என்பவரைப் பார்ப்போம். 1936-ல் அமெரிக்காவின் 'ஃபிசிக்கல் ரெவ்யூ' பத்திரிகைக்கு ஆசிரியர். ஒருநாள் அவர் மேஜைக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். நாதன் ரோசன் என்ற இளைஞரோடு சேர்ந்து எழுதியிருந்தார். ஈர்ப்பு அலைகள் என்று எதுவும் கிடையாது என்பது அதன் சாரம்.

நீங்கள் டேட் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உலகத்தின் மிகப் பிரபலமான விஞ்ஞானி. கட்டுரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராக அச்சுக்கு அனுப்பியிருப்போம். டேட் அனுப்பவில்லை. மற்றவர்களுடையதைப் போலவே இதையும் ஒரு ரெஃப்ரிக்கு அனுப்பினார். பத்துப் பக்க விமர்சனம் வந்தது, 'இதில் பிழை இருக்கிறது' என்று. டேட் அதை மரியாதையாக ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிவைத்து அபிப்பிராயம் கேட்டார்.

ஐன்ஸ்டைனுக்கு வந்ததே கோபம்! அச்சிடத்தான் கொடுத்தேனே தவிர, அதற்கு முன்னால் யாரிடமும் காட்டுவதற்கு நான் அனுமதி தரவில்லை என்ற ரீதியில் பதில் எழுதிவிட்டுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேறொரு பத்திரிகைக்குக் கொடுத்தார். ஆனால் அது அச்சாவதற்குள் தவறு தெரிந்துவிட்டது. 1937-ல் கட்டுரை வெளியானபோது அதன் முடிவு தலைகீழாக மாறியிருந்தது. அந்த அநாமதேய ரெஃப்ரி ஹெச்.பி. ராபர்ட்சன் என்ற விஞ்ஞானி என்பது 2005-ல்தான் வெளியே தெரிந்தது. 2015-ல் ஈர்ப்பு அலைகளைக் கருவிகளே பிடித்துவிட்டன. அந்தச் செய்தி 2016-ல் வெளியான பத்திரிகை எது தெரியுமோ? 'ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்'. டேட் பத்திரிகையின் அதே குடும்பம்!

டேட் ஒரு பிரபல எழுத்தாளரை இழந்தார். பத்திரிகையின் மானத்தைக் காப்பாற்றினார். பெரிய பெயருக்கும் சின்னப் பெயருக்கும் ஒரே தராசு. சரி, அந்த விட்டுப்போன தகுதி இதுதானா என்றால், பாதிதான். பெரிய மனிதரின் கட்டுரையை நிறுத்திவைக்கத் துணிச்சல் வேண்டும், வாஸ்தவம். அதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது.

இப்போது 1958. அமெரிக்காவில் சிகாகோ. யூஜின் பார்க்கர் என்று முப்பது வயது விஞ்ஞானி. சூரியனைச் சுற்றிக் கரோனா என்று ஓர் ஒளிவட்டம் இருக்கிறது (மாஸ்க்கைத் தேடாதீர்கள், இது வேறு). பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அவ்வளவு சூட்டில் அது சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார். இன்றைக்கு இதைச் சூரியக் காற்று என்கிறோம். அன்றைக்குப் பலருக்கு இது பிதற்றலாகப் பட்டது. கட்டுரையைப் படித்த ரெஃப்ரி, எழுதுவதற்கு முன்னால் இந்தப் பையன் லைப்ரரிக்குப் போய் நாலு புத்தகம் படிப்பது நல்லது என்கிற தோரணையில் எழுதி அனுப்பினார். இரண்டாவது ரெஃப்ரியும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்' என்ற அந்தப் பத்திரிகையின் ஆசிரியர், சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை பிரசிடென்சி காலேஜில் படித்தவர், சர் சி.வி. ராமனின் அண்ணன் மகன். பின்னால் 1983-ல் நோபல் பரிசு வாங்கிய அதே சந்திரசேகர்தான். 1952 முதல் 1971 வரை, பத்தொன்பது வருடம், அவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

சந்திரசேகர் பார்க்கரின் அறைக்கே போனார். 'இரண்டு பெரிய நிபுணர்கள் பார்த்துவிட்டுத் தவறு என்கிறார்கள். நிஜமாகவே இதைப் பிரசுரிக்க வேண்டுமா?' என்று கேட்டார். அவருக்கே அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. பார்க்கர் ஒன்றுதான் சொன்னார்: 'அவர்கள் என் கணக்கில் ஒரு பிழையைக்கூடக் காட்டவில்லையே!'

சந்திரசேகர் யோசித்தார். பிரசுரித்தார்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் வேண்டாம் என்கிறார்கள். தன் அறிவும் 'இருக்காதே' என்கிறது. கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தால் உலகத்தில் ஒருத்தரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். விதிப்படி நடந்தார் என்று பாராட்டியிருப்பார்கள். ஆனாலும் 'எனக்கு ஒப்பவில்லை' என்பது வேறு, 'இது தவறு' என்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். அது யாரிடமும் இல்லை. அதனால் வழிவிட்டார்.

நான்கு வருடத்தில், 1962-ல், வெள்ளிக் கிரகத்துக்குப் போன மரைனர்-2 விண்கலம் வழி நெடுகச் சூரியக் காற்றை அளந்து அனுப்பியது. 2018 ஆகஸ்டில் சூரியனை நோக்கி நாசா ஒரு கலத்தை ஏவியது. அதன் பெயர் பார்க்கர். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல் தடவை. 91 வயதில் பார்க்கர் நேரில் போய் அது கிளம்புவதைப் பார்த்தார். 2022-ல் காலமானார். 2024 டிசம்பரில் அந்தக் கலம் சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் தூரம் வரை நெருங்கிப் போய்வந்தது. அதில் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கிறது. அதற்குள் 1958-ல் வெளியான அந்தக் கட்டுரை. 'லைப்ரரிக்குப் போ' என்று விரட்டப்பட்ட கட்டுரை, சூரியனுக்கே போய்விட்டது!

சந்திரசேகருக்கு இந்த மனசு எப்படி வந்தது? 1935 ஜனவரியில் லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிக்கல் சொசைட்டி கூட்டம். 24 வயது சந்திரசேகர், ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட நட்சத்திரம் செத்த பிறகு வெள்ளைக் குள்ளனாக அடங்க முடியாது என்று கணக்கோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உடனே எழுந்தார் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்து வானியலின் சக்கரவர்த்தி. ஒரு நட்சத்திரம் இத்தனை அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருந்தாக வேண்டும் என்று கேலி செய்தார். சபை சிரித்தது. எடிங்டனும் கணக்கில் பிழை காட்டவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய காயம்தான் அவரை நல்ல ஆசிரியர் ஆக்கியது என்று கதை கட்டிவிடுவது சுலபம். ஆனால் அடிபட்டவர்கள் எல்லாருமா நல்லவர்களாகிறார்கள்? மாமியாரிடம் படாதபாடு பட்ட மருமகள், தனக்கு மருமகள் வந்ததும் அதே பாட்டைப் பாடுவதை நாம் பார்த்ததில்லையா? 'நான் பட்டேன், நீயும் படு' என்பதுதான் சராசரி மனித சுபாவம். ராகிங் ஒழியாததற்குக் காரணமும் இதுதான். காயத்தை அடுத்தவருக்குக் கைமாற்றி விடாமல் தன்னோடு நிறுத்திக்கொள்வது ஒரு தீர்மானம். அது தானாக வருவதில்லை.

'அப்படியானால், தவறு என்று நிரூபிக்க முடியாத எதையும் போட்டுவிடலாமா?' என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறது உலகம்.

1998 பிப்ரவரியில் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டரும் சகாக்களும் எழுதிய கட்டுரை வந்தது. மொத்தம் 12 குழந்தைகள்தான். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாமோ என்ற பயத்தை அது கிளப்பிவிட்டது. பெற்றோர்கள் கதிகலங்கிப் போனார்கள். தடுப்பூசியைத் தவிர்த்தார்கள். அடங்கிக் கிடந்த தட்டம்மை பிரிட்டனில் திரும்பத் தலைகாட்டியது. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட முனைந்த வக்கீல் தரப்பிலிருந்து வேக்ஃபீல்ட் பணம் வாங்கியிருந்ததும், விவரங்கள் திரிக்கப்பட்டிருந்ததும் பின்னால்தான் அம்பலமாயின. 2010-ல் பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவர் டாக்டர் தொழில் செய்யும் உரிமையும் பறிபோனது. நடுவில் போனது பன்னிரண்டு வருடம். பயம் மட்டும் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. அது இன்றைக்கும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

பார்க்கர் கட்டுரைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்க்கர் தன் கணக்கை முழுசாக மேஜை மேல் விரித்து வைத்தார். யார் வேண்டுமானாலும் பேப்பரும் பென்சிலும் எடுத்துச் சரிபார்க்கலாம். தவறாகவே இருந்தாலும் யார் தலையும் உருண்டிருக்காது. இங்கே 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான குழந்தைகளைத் தொடும் பேச்சு. சொல்லும் விஷயத்தின் கனத்தை ஆதாரம் தாங்கவில்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை' எப்படித் 'தவறு' ஆகாதோ, அப்படியே 'பரபரப்பாக இருக்கிறது' என்பதும் 'சரி' ஆகாது. நாற்காலியில் இருப்பவர் இரண்டு பக்கமும் விழாமல் கயிற்றில் நடக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட நாற்காலியைக் கண்டவருக்கும் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஹிந்தாவி என்ற பதிப்பகம் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளை நடத்தியது. 'சிறப்பிதழ்' போடுவதற்கென்று கௌரவ ஆசிரியர்களை வெளியிலிருந்து ஏராளமாகச் சேர்த்தார்கள். அதில் சிலர் வழியாகப் போலிக் கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கும்பல்கள் உள்ளே புகுந்துவிட்டன. 2023-ஆம் வருடம் மட்டும் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் 10,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பங்கு இந்த ஒரு பதிப்பகத்துடையது. கடைசியில் அந்தப் பெயரையே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. பூட்டு வாங்கச் செலவழித்தவர்கள், சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்கவில்லை.

ஆள் எடுப்பதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. எடுப்பவர்களின் யோக்கியதை. 1999 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கம், தன் பத்திரிகையின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பர்கை வேலையை விட்டுத் தூக்கியது. பதினேழு வருடம் ஆசிரியராக இருந்தவர். குற்றம்? பாலுறவு என்ற சொல்லுக்குக் கல்லூரி மாணவர்கள் என்ன அர்த்தம் கொள்கிறார்கள் என்ற ஓர் ஆய்வை, அதிபர் கிளிண்டன் மேல் செனட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்துப் போட்டுவிட்டார். அரசியல் வாடை அடிக்கிறது என்றார்கள் முதலாளிகள். அவர் செய்தது சரியா, தப்பா என்று விவாதிக்கலாம். ஆனால் அடுத்த ஆளைத் தேட உட்கார்ந்தபோதுதான் சங்கத்துக்கு நிலைமை புரிந்தது. எந்த நேரமும் காலை வாரிவிடப்படும் நாற்காலியில் சுயமரியாதை உள்ள யார் வந்து உட்காருவார்கள்? எனவே, ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் நடுவில் ஒரு தனி மேற்பார்வைக் குழுவை அமைத்து, பத்திரிகையில் என்ன வரவேண்டும் என்பது ஆசிரியரின் உரிமை என்று எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகே 2000-ல் கேத்தரின் டி ஆஞ்சலிஸ் பொறுப்பேற்றார். அந்தப் பத்திரிகையின் முதல் பெண் ஆசிரியர்.

வள்ளுவர் இதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். இந்த வேலையை இந்த ஆள் முடிப்பார் என்று அலசி ஆராய்ந்தபின் வேலையை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறார். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வோம். நாலு ரவுண்டு இன்டர்வியூ வைத்து ஆளை எடுப்போம். எடுத்தபின், தினமும் பின்னால் நின்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்போம்.

சரி, இன்டர்வியூவில் என்னதான் கேட்பது? எத்தனை கட்டுரை எழுதினீர்கள், எத்தனை விருது வாங்கினீர்கள் என்பதெல்லாம் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒரே கேள்வி போதும்: 'உங்களுக்குச் சற்றும் உடன்பாடு இல்லாத ஒன்றை, அதில் பிழை காட்ட முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் அனுமதித்ததுண்டா? ஒரு சம்பவம் சொல்லுங்கள்.' தலையைச் சொறிந்து யோசித்து ஒரு சம்பவம் சொல்கிறவருக்கு வேலையைக் கொடுக்கலாம். 'எனக்கு அப்படி ஒரு நிலைமையே வந்ததில்லை' என்கிறவரை, டீ கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த நிலைமை வராத மனிதர் கிடையாது. வந்தது தெரியாத மனிதர்கள்தான் உண்டு.

இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்களும் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆபீஸில் நாலு பேரின் லீவு லெட்டரும் புரமோஷனும் உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. ஃப்ளாட் அசோசியேஷனில் யாருக்கு வீடு வாடகைக்கு விடலாம் என்று அபிப்பிராயம் சொல்கிறீர்கள். வீட்டில் பையன், 'இன்ஜினீயரிங் வேண்டாம்ப்பா, வரலாறு படிக்கிறேன்' என்று வந்து நிற்கிறான். பெண், ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

இந்த மாதிரி சமயங்களுக்கென்று தமிழில் அருமையான ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம்: 'அது சரிப்பட்டு வராது.' இந்த வாக்கியத்தின் சௌகரியம் என்னவென்றால், அதற்குள் 'இதில் தவறு இருக்கிறது'ம் ஒளிந்துகொள்ளலாம், 'எனக்குப் பிடிக்கவில்லை'யும் ஒளிந்துகொள்ளலாம். எது உள்ளே இருக்கிறது என்று கேட்கிறவருக்கும் தெரியாது. பல சமயம் சொல்கிறவருக்கே தெரியாது. தவறு இருந்தால் தாராளமாகத் தடுங்கள். தடுப்பது உங்கள் கடமை. அந்தப் பையன் போகவிருக்கும் கல்லூரி மோசமானதாக இருக்கலாம், அந்தப் பெண் சொன்ன ஆசாமி மூன்று பேரிடம் கடன் வாங்கிவிட்டு ஓடியவனாக இருக்கலாம். எடுத்துக் காட்டுங்கள். காட்ட ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் ஒப்பவில்லை என்றால், பார்க்கரின் அறை வாசலில் நின்று சந்திரசேகர் யோசித்தாரே, அந்த மாதிரி ஒரு நிமிஷமாவது நில்லுங்கள்.

அடுத்த தடவை 'சரிப்பட்டு வராது' என்று வாய்வரை வரும்போது, ஒரு பேப்பரை எடுத்து, ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். வரி வரவில்லை என்றால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.